ரத்தம் கொடுத்தோம், மாத்திரை எங்கே?

மே தினம் வந்தால், தியாகிகள் தினம் வந்தால், நமது சங்கங்களும் வாலிபர்களும் ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். பகல் ஷிப்டு முடிந்து தலையில் பஞ்சோடு வந்த மில் தொழிலாளியும், நடவு முடித்துக் கால் கழுவி வந்த விவசாயத் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கையை நீட்டுகிறார்கள். ஆளுக்கு 350 மில்லி ரத்தம். அதற்குக் கூலி கிடையாது, கேட்பவரும் கிடையாது. காசுக்கு ரத்தம் விற்கும் வியாபாரத்தை ஒழிக்கவேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி முதல் அது அமலுக்கும் வந்தது. நல்ல காரியம்தான்.

சரி, நாம் கொடுத்த ரத்தம் எங்கே போகிறது? விபத்தில் அடிபட்டவனுக்குப் போகிறது. பிரசவத்தில் ரத்தம் கொட்டிய தாய்க்குப் போகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிப் படியேறி, ரத்தம் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பி, மூன்று வாரத்தில் மறுபடியும் வெளுத்துச் சோர்ந்து அதே படியேறும் குழந்தைகள் இருக்கிறார்கள். இவர்களுக்கு வந்திருக்கும் வியாதிக்குத் தலசீமியா என்று பெயர். நம் நாட்டில் ஆண்டுதோறும் 10,000 குழந்தைகளுக்குக் குறையாமல் இதன் கடுமையான வகையோடு பிறக்கிறார்கள் என்று சர்க்கார் கணக்கே சொல்கிறது.

இந்தக் குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றுவது பாதி வைத்தியம்தான். மறுபாதி, அந்த ரத்தத்தோடு உடம்புக்குள் போகும் இரும்பை வெளியேற்றும் மருந்து. முதல் பாதியை நாம் இனாமாகக் கொடுக்கிறோம். மறுபாதியைக் கொடுக்கவேண்டிய சர்க்கார் ஒரு மாதம் கொடுத்து, இரண்டு மாதம் கைவிரித்தால், நாம் கொடுத்த ரத்தமே அந்தக் குழந்தைக்கு மெல்ல மெல்ல விஷமாகிறது. இதை மிகைப்படுத்திச் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். கணக்கைப் பார்ப்போம்.

உள்ளே வாய்க்கால் உண்டு. வெளியே மதகு இல்லை

நமது ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின் என்ற பொருள். மூச்சுக் காற்றிலுள்ள பிராணவாயுவை உடம்பின் மூலை முடுக்குக்கெல்லாம் சுமந்து செல்லும் சுமைகூலி அதுதான். அதைத் தயாரிப்பதற்கான குறிப்பு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருகிறது. ஒன்று மட்டும் பழுதானால் அந்த ஆள் சாதாரணமாகவே வாழ்வார். தறியும் ஓட்டுவார், களையும் எடுப்பார். தன்னிடம் பழுது இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணம் புரிந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு, இரண்டு குறிப்புமே பழுதாக வந்துசேர வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைக்குப் பிறந்த ஆறேழு மாதத்திலிருந்து சொந்த ரத்தம் போதாது.

இதில் தாயின் குற்றம் எங்கே இருக்கிறது? ஆயினும் வீட்டில் பழி விழுவது மருமகள் தலையில்தான். பழுது இரண்டு பக்கமும் இருந்தால்தான் வியாதி வரும் என்ற ஒரே ஒரு உண்மையைக் கிராமந்தோறும் சொன்னாலே எத்தனையோ பெண்களின் கண்ணீர் மிச்சமாகும். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் வழக்கமுள்ள நமது பக்கத்தில், இரண்டு பக்கமும் ஒரே பழுது சந்திக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி இரும்புக் கணக்கு. வளர்ந்த மனிதன் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் உண்டு. சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் உள்ளே சேரும். அதே அளவு தோலிலும் குடலிலும் உதிர்ந்து போகும். அதற்குமேல் வந்தால் தள்ளிவிட உடம்பில் வழி கிடையாது. ஏரிக்கு வாய்க்கால் உண்டு, மதகு வைக்க மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் கொடுக்கும் ஒரு பாட்டில் ரத்தத்திலோ சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு பாட்டில் என்றால் வருஷத்துக்கு 17 பாட்டில், 3,400 மில்லிகிராம். ஒரு முழு மனிதனின் உடம்பிலுள்ள இரும்பு அத்தனையும் ஒரே வருஷத்தில் உள்ளே இறங்கிவிடுகிறது. அடுத்த வருஷம் இன்னொரு பங்கு.

இந்த இரும்பு எங்கே போய்த் தங்குகிறது? முதலில் ஈரலில், பிறகு வளர்ச்சிக்கும் பருவமடைவதற்கும் காரணமான சுரப்பிகளில், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் கணையத்தில், கடைசியில் இருதயத்தில். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளை போல நிற்பதும், பதினைந்து வயதில் நீரிழிவு வருவதும் இதனால்தான். மருந்தில்லாத காலத்தில், ஒழுங்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட பிள்ளைகளும் இருபது வயதையொட்டி இருதயம் நின்று இறந்தார்கள். ரத்தம் கிடைக்காமல் இறக்கவில்லை. கிடைத்த ரத்தத்தின் இரும்பு சேர்ந்து இறந்தார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வெளுத்த குழந்தையைக் கண்டவுடன் சோகை என்று சொல்லி இரும்புச் சத்து டானிக்கை மாதக்கணக்கில் ஊற்றும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரும்புக் குறைவால் வரும் சோகைக்கு அது சரியான மருந்து. நமது பெண்களில் ஏராளமானவர்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் டானிக் கொடுத்தும் நிறம் ஏறாத குழந்தையை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இன்னொரு பாட்டில் டானிக் எழுதிக் கொடுப்பது அலட்சியம்.

மண்ணிலிருந்து வந்த மருந்து

தலசீமியா வியாதியை 1925-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் தாமஸ் கூலி என்ற குழந்தை வைத்தியர் எடுத்துச் சொன்னார். அவர் கண்ட குழந்தைகள், பிழைப்புத் தேடி வந்த இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களின் குழந்தைகள். கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வியாதிக்கும் பெயர் வந்தது. மலேரியா தலைவிரித்தாடிய பூமிகளிலெல்லாம் இந்தப் பழுது பரவியிருக்கிறது. ஒற்றைப் பழுது உள்ளவர்களை மலேரியா அவ்வளவு எளிதில் கொன்றுபோடவில்லை என்பதே காரணம். நம் நாட்டில் சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி, வங்காள மக்களிடையிலும் பல மலைவாழ் மக்களிடையிலும் அதிகம். ஆனால் எந்தச் சாதிக்கும் எந்த மாகாணத்துக்கும் விலக்கு இல்லை.

இரும்பை நீக்கும் முதல் நல்ல மருந்து 1960-களின் தொடக்கத்தில் சுவிட்ஜர்லாந்தில் கிடைத்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர், தன் தேவைக்காக மண்ணிலுள்ள இரும்பைப் பிடித்து இழுக்க ஒரு பொருளைச் சுரக்கிறது. அதை எடுத்து மனிதனுக்குக் கொடுத்தால், உடம்பில் தேங்கிய இரும்பைப் பிடித்துச் சிறுநீரிலும் மலத்திலும் கொண்டுபோய்த் தள்ளுகிறது. சிறுநீர் செம்மண் தண்ணீர் போலப் போகும். டெஸ்ஃபெரியாக்ஸமின் என்று அதற்குப் பெயர். இதை வாயால் விழுங்கிப் பயனில்லை. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி குத்தி, சின்னப் பம்பு ஒன்றை மாட்டி, இரவு 8 மணி முதல் 12 மணி நேரம் வரை சொட்டுச் சொட்டாக இறங்கவேண்டும், வாரத்தில் ஐந்து முதல் ஏழு இரவுகள், ஆயுள் முழுவதும். பம்பும் மருந்தும் வாங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள்; மணம் புரிந்து பிள்ளையும் பெற்றார்கள். ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் லைன் வீட்டில், மின்சாரமும் பனிப்பெட்டியும் இல்லாத குடிசையில், இந்த வைத்தியம் எப்படி நடக்கும்?

விழுங்கும் மருந்துக்கான வழி இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் 1980-களில் திறந்தது. டெஃபெரிப்ரோன் என்ற அந்த மருந்து, உலகத்திலேயே முதன்முதலாக நம் நாட்டில்தான் 1995-ல் விற்பனைக்கு வந்தது. தயாரித்தது பம்பாயின் சிப்லா கம்பெனி. ஐரோப்பா 1999-லும் அமெரிக்கா 2011-லும்தான் அனுமதித்தன. பம்புக்கு வழியில்லாத இந்தியப் பெற்றோர்களும் வைத்தியர்களும் விடாமல் கேட்டதால் வந்த மருந்து என்று சொன்னால் தவறாகாது. ஒரு குறை உண்டு. நூற்றில் ஓரிருவருக்கு வெள்ளை அணுக்கள் அபாயகரமாகக் குறைந்துவிடும். காய்ச்சல் கண்டால் உடனே மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பரிசோதனையைக் கொடுக்காத ஆஸ்பத்திரி வேலையை அரைகுறையாகத்தான் செய்கிறது.

இதே மருந்தின் விஷயத்தில் கனடாவில் நடந்த ஒன்றைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். டொராண்டோ நகரத்தில் நான்சி ஒலிவியரி என்ற வைத்தியர் அப்போடெக்ஸ் கம்பெனியின் உதவியோடு இந்த மருந்தைச் சோதித்துவந்தார். மருந்தால் சிலருக்கு எதிர்பார்த்த பயன் இல்லை, தீங்கும் இருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. அதை நோயாளிகளுக்குச் சொல்லவேண்டும் என்றார். 1996-ல் கம்பெனி சோதனைகளை நிறுத்தியது. வெளியே பேசினால் வழக்குப் போடுவோம் என்று எச்சரித்தது. அவரோ பேசினார். மருந்தைப்பற்றி அவர் கொண்ட அச்சம் முழுதும் சரியா என்று விஞ்ஞானிகள் பின்னால் பல வருஷம் விவாதித்தார்கள். மருந்து இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, இருதயத்து இரும்பை இறக்குவதில் அதற்குத் தனி மதிப்பும் உண்டு. ஆனால், தன் உடம்புக்குள் போகும் பொருளைப்பற்றி வைத்தியருக்குத் தெரிந்தது நோயாளிக்கும் தெரியவேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியில் விவாதத்துக்கு என்ன இடம் இருக்கிறது? 2001-ல் கனடா சர்வகலாசாலை ஆசிரியர் சங்கம் அமைத்த விசாரணைக் குழு அவர் பக்கமே நியாயம் என்று சொன்னது.

மூன்றாவதாக வந்தது டெஃபெராசிராக்ஸ். 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நோவார்ட்டிஸ் கம்பெனி மருந்து. ஒரு நாளைக்கு ஒரு வேளை. தண்ணீரில் கரைத்து வெறும் வயிற்றில் குடித்தால் போதும். இன்று இந்தியக் கம்பெனிகள் பலவும் தயாரிக்கின்றன. சிறுநீரகத்தையும் ஈரலையும் அவ்வப்போது பரிசோதிக்கவேண்டும். இதன் அளவு உடம்பின் எடைக்கு ஏற்ப. பிள்ளை இரண்டு கிலோ எடை கூடினால் எந்தத் தாயும் மகிழ்வாள். இந்தத் தாய் மட்டும் மாத்திரை விலையையும் கூட்டிப்பார்க்கிறாள்.

ஆகவே மருந்து இல்லை என்ற பேச்சுக்கு இன்று இடமில்லை. மூன்று மருந்து இருக்கிறது. மாத்திரை இரண்டும் நம் நாட்டிலேயே தயாராகின்றன. இருந்தும் ஜில்லா ஆஸ்பத்திரியில் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா" என்ற பதில் ஏன்? ரத்தம் ஏற்ற ஒரு நாள், மாத்திரைக்கு ஒரு நாள், பரிசோதனை முடிவு வாங்க ஒரு நாள் என்று விவசாயக் கூலி எத்தனை நாள் கூலியை இழப்பாள்? ரத்தத்துக்கு மட்டுமே வருஷத்தில் 17 நாள் போகிறது. மாத்திரை ஒரு மாதம் நின்றால் பிள்ளைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வலியில்லை, காய்ச்சலில்லை, விளையாடுகிறான். அதனால்தான் அதிகாரிக்கும் அவசரமில்லை. உள்ளே இரும்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

வரும்முன் தடுப்பதும், வந்தவனைக் காப்பதும்

"இந்த வியாதியைப் பிறக்கும் முன்பே தடுத்துவிடலாமே, எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்கும் படித்த கனவான்கள் இருக்கிறார்கள். தடுப்பது அவசியம்தான். சைப்ரஸ் என்ற சின்னத் தீவில் ஏழு பேரில் ஒருவருக்கு இந்த ஒற்றைப் பழுது உண்டு. 1970-களில் அந்த நாடு கணக்குப் போட்டுப் பார்த்தது. இப்படியே போனால் தீவின் ரத்தமும் போதாது, சர்க்கார் பணமும் போதாது. ஊரெல்லாம் பரிசோதனை நடத்தினார்கள், மணம் முடிக்கும் முன்பே பரிசோதிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள், கருவிலேயே கண்டறிய வசதி செய்தார்கள். புதிதாக இந்த வியாதியோடு பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ இல்லாமலே போனார்கள். ஆனால் அதே நாடு, ஏற்கெனவே பிறந்த பிள்ளைகளுக்கு ரத்தமும் மருந்தும் இலவசமாகக் கொடுத்தது. தடுப்பைக் காட்டி வைத்தியத்தைக் குறைக்கவில்லை. நமது கனவான்கள் சைப்ரஸின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

வியாதியையே வேரோடு அகற்ற ஒரு வழி உண்டு. உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் அதை மாற்றிப் பொருத்துவது. நம் நாட்டில் 1986-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு தலசீமியா குழந்தைக்கு இது செய்யப்பட்டது. 2017 முதல் பொதுத்துறையான கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியிலிருந்து ஏழைக் குழந்தைகளின் மஜ்ஜை மாற்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கொடுக்கப்பட்டுவருகிறது. இதைப் பாராட்டுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தாலியில் பெசாரோ நகரத்து வைத்தியர்கள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை செய்து, யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று வகைப்படுத்தினார்கள். அவர்கள் பார்த்த அடையாளங்கள் மூன்று: ஈரல் வீங்கியிருக்கிறதா, ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டானா. மருந்தில்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு மஜ்ஜை மாற்றும் ஆபத்தாகிறது. 10 லட்சத்தை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, அந்த 10 லட்சம் பலிப்பதற்கான மாத்திரையை மறு கையால் நிறுத்துவது எந்த ஊர்ச் சிக்கனம்?

மேல்நாட்டில் இன்னும் புதிய மருந்துகள் வந்துவிட்டன. 2019-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட லஸ்பேட்டர்செப்ட் என்ற ஊசி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டால் சிலருக்கு ரத்தத் தேவை குறைகிறது. சிலருக்குத்தான், சோதனையில் ஐந்தில் ஒருவருக்கே மூன்றில் ஒரு பங்காவது குறைந்தது. பரம்பரைக் குறிப்பையே திருத்தும் சிகிச்சை ஒன்று 2022-ல் அமெரிக்காவில் 28 லட்சம் டாலர் விலையில் வந்தது. நமது பணத்தில் 20 கோடி ரூபாய்க்கு மேல். அதே கம்பெனி, விலை படியவில்லை என்று ஐரோப்பாவிலிருந்து 2021-லேயே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது! நோயாளிகள் அங்கேயேதான் இருந்தார்கள். விஞ்ஞானத்தின் இந்த வெற்றியில் நமக்கும் மகிழ்ச்சியே. 20 கோடி ரூபாய் வைத்தியத்தைப்பற்றி நாளிதழ்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், ஏற்கெனவே கைக்கெட்டும் மாத்திரையைப்பற்றி நாலு வரி எழுதினால் இன்னும் மகிழ்வோம்.

மலிவான மருந்தும் உண்டு. ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய மருந்து, அரிவாள் வடிவில் ரத்த அணு வளைந்துபோகும் இன்னொரு பரம்பரை வியாதிக்கு நன்றாக வேலை செய்கிறது. வலியும் குறைகிறது, ரத்தம் ஏற்றவேண்டிய அவசியமும் குறைகிறது. அந்த வியாதிக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் நம் நாட்டில் அதன் அடையாளத்தை நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான் கண்டு எழுதினார்கள். அதை ஒழிக்கும் திட்டம் என்று மத்திய சர்க்கார் தொடங்கியது 2023 ஜூலையில்! 7 கோடி பேரைப் பரிசோதிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பரிசோதித்து அட்டை கொடுப்பது சரி; அட்டையோடு மாத்திரையும் மலையேறவேண்டும்.

இரும்பு ஒருபுறம் இருக்க, ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் சுத்தமாக இருக்கவேண்டும். 2011-ல் குஜராத்தின் ஜுனாகத்தில் ரத்தம் ஏற்றிவந்த 23 தலசீமியா குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. 2025-ல் ஜார்க்கண்டின் சாய்பாசாவிலிருந்தும் அதே போன்ற செய்தி, ஐந்து குழந்தைகள். இவர்கள் எல்லோரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ரத்தம் ஏற்றும் கட்டிலின் அருகிலேயே, அதே நாளில், அடுத்த முறை வரும்வரைக்கான மாத்திரையைக் கையில் கொடுக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை ஜில்லா ஆஸ்பத்திரியிலேயே செய்யவேண்டும். வெளியே சீட்டு எழுதிக் கொடுக்கக்கூடாது. மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் மில் மூடினால், ஒப்பந்தக்காரர் பெயரை எடுத்துவிட்டால், அந்த வழியும் அடைபட்டுவிடும்; விவசாயத் தொழிலாளிக்கு அந்த வழியே இல்லை. ஆகவே இது ஆஸ்பத்திரி வாசலில் எல்லோருக்கும் கிடைப்பதாக இருக்கவேண்டும். தலசீமியா உள்ளவர்களை 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதும் பல பெற்றோர்களுக்கு இன்னும் தெரியாது. சான்றிதழ் வாங்கிக்கொடுப்பதில் நமது கிளைகள் உதவவேண்டும்.

அடுத்த ரத்ததான முகாமுக்கு ஏற்பாடு செய்யும் தோழர்கள் அதோடு இன்னொரு வேலையும் செய்யட்டும். தங்கள் ஜில்லா ஆஸ்பத்திரியில் எத்தனை குழந்தைகள் ஒழுங்காக ரத்தம் ஏற்றிக்கொள்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் போன மாதம் 30 நாளும் மாத்திரை கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கட்டும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வரவேண்டும். வந்த பதிலை நமக்கு அனுப்பிவைத்தால், ஜில்லாவாரியாக இதே பக்கத்தில் வெளியிடுவோம்.